பச்சைக்கு அடியில் பதினேழு

நெய்வேலி, வட்டம் 19
14-6-2014

அன்புள்ள அண்ணன் ஆரோக்கியதாஸ் அவர்களுக்கு, தங்கை அன்னாள் எழுதிக்கொண்டது. இயேசுவுக்கே புகழ். இங்கு நானும் அலெக்ஸும் ஆண்டவர் கிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்கும் அண்ணி சுகத்துக்கும் எழுதவும். காது எப்படி இருக்கிறது? மிஷின் வைத்தும் கேட்கவில்லை என்று ஈஸ்டருக்கு எழுதியிருந்தீர்கள். உங்களுக்குக் காது கேட்டால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. போன் போட்டு ஜபல்பூர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு அலெக்ஸ் செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். மைன்ஸில் நாளெல்லாம் கான்ட்ராக்ட் லாரி ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் லாரிப் படம்தான் பார்ப்பான். மாமா புத்தி அப்படியே. புனேயில் ஒரு பணக்காரர் ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்து சக்திமான் லாரியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறாராம். தினம் ஒரு படம் போடுகிறார். "யம்மா, இங்க வா. இந்த நம்பர பாரு" என்றான். முன் பம்பரில் பச்சைப் பெயிண்டைத் தேய்த்து எடுத்த இடத்தில் அடியில் இன்னொரு பச்சை. அதில் வெள்ளையாக ஒரு அம்பு, பக்கத்தில் 81 டி 40617.

அண்ணா, இருபத்தைந்து வருடமாக நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற நம்பர் அது. "81 டி 40617 என்ற வண்டியுடன் டிரைவர் ஜோஸ்வா தலைமறைவு" என்று 89-இல் வந்த காகிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அலெக்ஸ் அப்பா தன் கடிதங்களில் அதைப் பதினேழு என்றுதான் எழுதுவார். பதினேழுக்கு டயர் மாற்றினோம், பதினேழு ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று. என்னை விசாரிப்பதற்கு முன்னால் அதைப்பற்றித்தான் இருக்கும். எனக்குச் சக்களத்தி மாதிரி.

யாரோ மலையில் வழிமறித்து வண்டியைப் பிடுங்கி, மேலே பெயிண்ட் அடித்து நம்பரை மாற்றியிருக்கிறார்கள் என்கிறான் அலெக்ஸ். அப்படியென்றால் அவர் ஓடிப்போகவில்லை. பிடித்து வைத்திருப்பார்கள், அடிபட்டு நினைவு தப்பி எங்காவது இருப்பார். வண்டி கிடைக்கும்போது மனுஷர் கிடைக்க மாட்டாரா?

நீங்கள் அதே யூனிட்டில் மெக்கானிக்காக இருந்தவர். படத்தைப் பார்த்தே எந்த வருடத்து வண்டி என்று சொல்கிறவர் என்று ஊரெல்லாம் உங்களுக்குத்தான் எழுதிக் கேட்கிறார்கள். புனே படத்தைப் பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறேன். கூடவே 88-இல் அவர் பதினேழின் பம்பரில் கால் வைத்து நிற்கிற படம். இரண்டும் ஒரே வண்டிதானா என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை,
அன்னாள்

ஜபல்பூர்
2-7-2014

அன்புத் தங்கை அன்னாளுக்கு அண்ணனின் ஆசீர். நாங்கள் சுகம். உன் சுகத்துக்கும் மருமகன் சுகத்துக்கும் தினமும் செபிக்கிறேன். காது அப்படியேதான். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. இங்கே மழை பிடித்துவிட்டது, அண்ணிக்கு முழங்கால் வலி.

படங்கள் கிடைத்தன. பட்டாளத்து நம்பரைப் படத்தில் பார்த்துப் படிப்பது சாதாரணக் காரியம் இல்லை அம்மா. அம்புக்குப் பிறகு வருவது வண்டி சேர்ந்த வருடம், அப்புறம் ஒரு எழுத்து, அப்புறம் வரிசை எண். ஸ்டென்சில் வைத்து அடிப்பதால் 1-ம் 7-ம் தேய்ந்தால் ஒன்றுபோல் இருக்கும். 6-ஐ 8 என்று படித்து ஏமாந்த பெரிய பெரிய ஆட்களை எனக்குத் தெரியும். நீ அனுப்பிய படத்தில் கடைசி எண் 7 இல்லை, 1. அது வேறு வண்டி. அந்த வருடத்தில் நூற்றுக்கணக்கில் வந்தன, எல்லாம் ஒரே முகம்தான்.

நம்பிக்கை வைத்து ஏமாறாதே. அலெக்ஸிடமும் சொல்லி வை. அந்தப் புனேக்காரருக்கு எதுவும் எழுத வேண்டாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒரு மாதிரியான ஆட்கள்.

சேத்தியாத்தோப்பில் அலெக்ஸுக்குப் பெண் பார்த்தாயே, என்ன ஆயிற்று?

அன்பு அண்ணன்,
ஆரோக்கியதாஸ்

நெய்வேலி
13-7-2014

அன்புள்ள அண்ணனுக்கு, அன்னாளின் வணக்கம். சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல். அண்ணி முழங்காலுக்கு நொச்சி இலை வேகவைத்து ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

சேத்தியாத்தோப்பில் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா எங்கே என்று கேட்டார்கள். என்ன சொல்வேன்? செத்துவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓடிப்போனார் என்று நான் சொல்லத் தேவையில்லை, யாரோ முன்னாலேயே போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் படத்தைக் கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறீர்கள். அடுத்த குவார்ட்டர்ஸ் கோபாலகிருஷ்ணன் சார் மைன்ஸில் வண்டிப் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் பூதக்கண்ணாடி இருக்கிறது. இரண்டு நாள் அவர் வீட்டு மேசையில் இரண்டு படத்தையும் போட்டுப் பார்த்தோம். "நம்பர விடும்மா. நம்பர மாத்திக்கலாம், ஒடம்ப மாத்த முடியாது. ஒடம்ப பாரு" என்றார்.

பார்த்தேன். இடது மட்கார்டில் ஒரு ஒடுக்கு, இரண்டு படத்திலும் ஒரே இடத்தில். டிரைவர் கதவுக்குக் கீழே, கம்பெனி வைத்த படிக்கும் கீழே, கம்பியை வளைத்து வெல்டு வைத்த இன்னொரு படி. அதுவும் இரண்டு படத்திலும். அந்தப் படி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இல்லையா? "நான் குள்ளம் என்று எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள். மச்சான்தான் எனக்கென்று ஒரு படி வைத்துக் கொடுத்தார்" என்று அவர் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. உங்கள் கையால் வைத்த வெல்டு உங்களுக்கே தெரியவில்லையா அண்ணா?

அது அவர் வண்டிதான். இனி யார் இல்லை என்றாலும் கேட்க மாட்டேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க எனக்கு உதவுங்கள். என்னால் இந்தியில் நாலு வார்த்தை பேச முடியாது. உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

அன்புத் தங்கை,
அன்னாள்

ஜபல்பூர்
20-8-2014

அன்புத் தங்கைக்கு, அண்ணனின் ஆசீர். சுகம். உன் கடிதம் தாமதமாக வந்தது, அப்புறம் எனக்குக் காய்ச்சல். அதனால்தான் பதில் எழுதவில்லை.

படி எல்லா யூனிட்டிலும் வைப்பார்கள். நீ ஒரு ஒடுக்கையும் ஒரு கம்பியையும் வைத்துக்கொண்டு மனதைக் குழப்பிக்கொள்கிறாய். நான் உறுதியாகச் சொல்கிறேன். பதினேழில் அந்த வாரம் கியர்பாக்ஸ் இறக்கி, அடிச்சட்டத்தில் புதிதாக ஒரு தாங்கி வைத்தேன். படத்தில் இருக்கிற வண்டியில் அந்தத் தாங்கி தெரியவில்லை. ஆகவே அது இல்லை.

எத்தனை வருடம் ஆகிவிட்டது. ஆண்டவர் சித்தம் என்று விட்டுவிடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆரோக்கியதாஸ்

நெய்வேலி
30-8-2014

அன்புள்ள அண்ணனுக்கு, அன்னாள் எழுதுவது. காய்ச்சல் தேவலையா? மாத்திரை சாப்பிட்டீர்களா?

உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். எந்த வாரம் அண்ணா? எந்த வாரம் கியர்பாக்ஸ் இறக்கினீர்கள்?

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்து, நம் அப்பா முன்னால் உட்கார்ந்து நீங்கள் சொன்னது என்ன? "வண்டி நல்லாதான் இருந்தது. நானே விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். நல்ல வண்டியோட போனவன் திரும்பலன்னா நான் என்ன செய்ய?" என்றீர்கள். அப்பா அதற்குப் பிறகு ஜோஸ்வா பெயரைச் சொல்லவே இல்லை. கியர்பாக்ஸ் இறங்கிக் கிடக்கிற வண்டி எப்படி மலை ஏறும்?

இன்னொன்று. நீங்கள் வேண்டாம் என்றும் அலெக்ஸ் புனேக்காரருக்கு எழுதிவிட்டான். நல்ல மனிதர், மறுநாளே பதில். அந்த வண்டியின் மேல் பெயிண்டில் இருந்த நம்பர் 40652. அதன் பழைய புத்தகமும் அவரிடம் இருக்கிறது. 89-இல் பிரேக் கெட்டு ரோட்டுக்குப் போகக்கூடாது என்று நிறுத்திய வண்டியாம். அவர் காணாமல் போன அந்தச் செப்டம்பரில் உங்கள் யூனிட் கொட்டகையை விட்டு வெளியே போகவே இல்லையாம். பிறகு சரிசெய்து பல வருடம் ஓடி, 98-இல் ஏலத்துக்குப் போயிருக்கிறது.

ஆக, யாரும் வழிமறிக்கவில்லை. அவர் ஓட்டிக்கொண்டு ஓடிப்போனார் என்று சொன்ன பதினேழு, கொட்டகைக்குள்ளேயே ஐம்பத்திரண்டு என்ற பெயரில் நின்றிருக்கிறது. அப்படியென்றால் அவர் எதில் போனார்?

அலெக்ஸுக்கு இந்தக் கணக்கு இன்னும் புரியவில்லை. "மாமா கிட்ட கேட்டா தெரியும்மா, மாமா கண்டுபுடிச்சிருவாரு" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறான். எனக்குப் புரியத் தொடங்கிவிட்டது. புரியக்கூடாது என்று ஆண்டவரிடம் மன்றாடுகிறேன். நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. உங்கள் காலில் விழுகிறேன்.

அன்னாள்

நெய்வேலி
19-9-2014

அண்ணா,

சுகமா? பதில் இல்லை. தினம் கேன்டீன் வேலை முடிந்து வந்ததும் கதவுக்கு அடியில்தான் முதலில் பார்க்கிறேன். நேற்று இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேனாம். கூட வேலை செய்கிற பார்வதி வந்து பிடித்து உட்கார வைத்தாள். "அக்கா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். என்ன பதில் அது, நீங்களே சொல்லுங்கள்.

நவம்பர் இரண்டு வருகிறது. கல்லறைத் திருநாள். வருடா வருடம் சாமியார் பூசையில் வாசிக்க, இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்வார். நான் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் கொடுப்பேன். அவர் பெயரை ஒரு வருடமும் கொடுத்ததில்லை. உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்தவள் ஆகிவிடக்கூடாது என்று. கல்லறைத் தோட்டத்தில் அப்பா அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நடுவில் இருக்கிற பெரிய சிலுவையைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். தூரத்தில் செத்தவர்களுக்கு, உடம்பு கிடைக்காதவர்களுக்கு அங்கேதான் ஏற்றுவார்கள்.

இந்த வருடம் பெயரைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்னாள்

ஜபல்பூர்
8-10-2014

அன்னாளுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பெயரைக் கொடு.

மாப்பிள்ளை 1989 செப்டம்பர் 12-ஆம் தேதியே இறந்துவிட்டார். வேறு பெண்ணும் இல்லை, திருட்டும் இல்லை. அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. எல்லாம் என்னுடையது.

அன்றைக்கு மேலே இருந்த முகாமுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் போக வேண்டும். பதினேழில் போக உத்தரவு. பதினேழுக்குக் கியர்பாக்ஸ் இறக்கி நான்கு நாள் ஆகியும் நான் முடிக்கவில்லை. முடித்துவிட்டேன் என்று முந்தின நாளே பொய்யாக எழுதிக் கொடுத்திருந்தேன். பிரமோஷன் நேரம். பக்கத்தில் ஐம்பத்திரண்டு நின்றது. பிரேக் சரியில்லை என்று ஒதுக்கிய வண்டி. அதில் பதினேழின் நம்பரை அடித்து அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பிவிடுவார், மறுபடி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கிக் கொடுத்தேன். பார்த்து ஓட்டு என்று சொன்னேன். ஏறப் போனவர், "மச்சான், இதுல என் படி இல்லியே" என்றார். "ரெண்டு நாள்தான மாப்பிள்ளை, தாவி ஏறு" என்றேன். சிரித்துக்கொண்டே தாவி ஏறினார்.

மூன்றாம் நாளும் வரவில்லை. வழியெல்லாம் மண்சரிவு, ஆற்றில் வெள்ளம். ஒரு வாரம் தேடினார்கள். விசாரணைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் நின்றிருந்த பதினேழின்மேல் பச்சை அடித்து ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும், அதுதான் முறை. நேரம் இல்லை, அப்படியே மேலே பூசினேன். வண்டிப் புத்தகம் எழுதுகிறவனும் நானே என்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சரக்கை விற்றுவிட்டு எல்லை தாண்டிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

இன்னும் இருக்கிறது. எழுதாமல் விட்டால் நீ என்றைக்காவது வேறு வழியில் தெரிந்துகொள்வாய். டிசம்பரில் தண்ணீர் வடிந்த பிறகு, பழுதான ஒரு வண்டியைப் பார்க்கத் தனியாகப் போனேன். முப்பத்தோராம் மைல் திருப்பத்தில் பள்ளத்தில் சக்கரம் தெரிந்தது. இறங்கினேன். மாப்பிள்ளை உள்ளேயே இருந்தார். நான் முதலில் செய்தது பம்பரில் இருந்த நம்பரைச் சுரண்டியது. அதற்குப் பிறகுதான் அவரை வெளியே எடுத்துக் கல் அடுக்கி மூடினேன். இரண்டு குச்சியைச் சிலுவையாகக் கட்டி வைத்தேன். அங்கிருந்து நேராக ஊருக்கு வந்துதான் அப்பா முன்னால் உட்கார்ந்து அப்படிச் சொன்னேன்.

அலெக்ஸைப் படிக்க வைத்தது, வருடா வருடம் துணி அனுப்பியது எல்லாம் ஏன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். நான் ஊர்ப்பக்கம் வராததும் அதனால்தான்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அலெக்ஸிடம் மட்டும் சொல்லாதே. அவன் ஒருவன்தான் என்னை மனிதனாக நினைக்கிறான்.

ஆரோக்கியதாஸ்

ஜபல்பூர்
27-10-2014

அன்னாள்,

என் கடிதம் கிடைத்ததா? திட்டியாவது எழுது. நீ எதுவும் செய்துகொள்ளவில்லையே? அண்ணிக்கு எதுவும் தெரியாது. நீ சும்மா இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆரோக்கியதாஸ்

நெய்வேலி
5-11-2014

ஆரோக்கியதாஸுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நான் எதுவும் செய்துகொள்ளவில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன்.

இருபத்தைந்து வருடம் நான் அவரைத் திட்டினேன். அலெக்ஸுக்குக் காய்ச்சல் வந்தால் திட்டினேன். ஸ்கூலில் அவனை ஓடிப்போனவன் மகன் என்று சொன்னால், வீட்டுக்கு வந்து அவர் படத்தைத் திருப்பி வைத்துவிட்டுத் திட்டினேன். எவளோடு இருக்கிறாயோ, அவளும் நீயும் நாசமாகப் போங்கள் என்று சபித்திருக்கிறேன். கல்லுக்கு அடியில் கிடந்த மனுஷனை. அந்த வார்த்தையெல்லாம் எங்கே போய்த் திரும்ப வாங்குவேன்?

நம்பரைத்தான் முதலில் சுரண்டினேன் என்று எழுதியிருக்கிறாய். அதை நீ மறைத்திருக்கலாம். மறைக்காததால்தான் மற்றதையும் நம்புகிறேன். அந்த ஒரு வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெயரைக் கொடுத்தேன். பூசையில் சாமியார் வாசித்தார். ஜோஸ்வா என்றதும் பக்கத்தில் நின்ற அலெக்ஸ் என் முகத்தைப் பார்த்தான். "வேற யாரோ ஜோஸ்வாப்பா" என்றேன். அவரை நான் இன்னொரு முறையும் இல்லை என்று சொல்லிவிட்டேன், உனக்காக இல்லை, அவன் அந்தக் கூட்டத்தில் நின்று அதைக் கேட்கக்கூடாது என்பதற்காக. அவன் ஷிஃப்டுக்குப் போன பிறகு கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பிப் போய்ப் பெரிய சிலுவையின் கீழே ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. முந்தானையால் மறைத்து உட்கார்ந்து அது தீரும்வரை அழுதேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எனக்கு எழுதியதை அப்படியே, இரண்டு வண்டி நம்பரையும் முப்பத்தோராம் மைலையும் சேர்த்து, அவர் பெயரைத் தலைமறைவு என்று எழுதி வைத்திருக்கிற ஆபீஸுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நகல் எனக்கு வர வேண்டும். அப்புறம் ரயில் ஏறு. அலெக்ஸிடம் நான் சொல்ல மாட்டேன், நீ கேட்டபடியே. நீ சொல்வாய். இந்த வீட்டில், அவன் முன்னால் உட்கார்ந்து, உன் வாயால்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பேன். வராவிட்டால் உன் கடிதத்தையே அவன் கையில் கொடுப்பேன்.

ஒன்று மறந்துவிட்டேன். அன்றைக்குப் பூசையில் வேண்டிக்கொள்ளக் கருத்து எழுதிக் கொடுக்கும்போது அலெக்ஸும் ஒரு சீட்டு கொடுத்தான். மாமாவுக்குக் காது கேட்க வேண்டும் என்று. சாமியார் அதையும் வாசித்தார். எல்லாரோடும் சேர்ந்து நானும் முழங்கால் போட்டு, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொன்னேன். மனதாரச் சொன்னேன். நீ சொல்லி முடித்ததும் என் மகன் போடப்போகிற சத்தம் உனக்குக் கேட்க வேண்டும்.

ஜோஸ்வா மனைவி,
அன்னாள்